பட்டறை முதலாளியின் படிப்பு: எங்கே தொடங்குவது, எப்படித் தொடர்வது

கோவையில் எனக்குத் தெரிந்த பட்டறை முதலாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மிஷினில் நின்று மேலே வந்தவர்கள். நானும் அப்படித்தான். லேத்தில் ஹெல்ப்பர், அப்புறம் ஆபரேட்டர், அப்புறம் ஃபோர்மேன். கையில் இருந்த காசு, வீட்டுக்காரம்மாவின் நகை, வங்கிக் கடன் எல்லாம் சேர்த்து ஒரு மிஷின் வாங்கி, ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து முதலாளி ஆகிவிட்டோம். வேலை நமக்கு அத்துப்படி. டிராயிங்கைப் பார்த்த உடனே எந்த டூல், எத்தனை பாஸ், எங்கே பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிடுவோம்.

ஆனால் மிஷின் ஓட்டுவது ஒரு வேலை, மிஷினை வைத்துப் பிழைப்பது இன்னொரு வேலை. முதல் வேலையைப் பத்து வருடம் ஒருவரிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டோம். இரண்டாவது வேலையை யாரும் சொல்லித் தரவில்லை, நாமும் யாரிடமும் கேட்கவில்லை. ஷெட் திறந்த அன்றைக்கு என்ன தெரியுமோ அதை வைத்தே காலத்தை ஓட்டுகிறோம். பையனை ஐ.டி.ஐ.க்கு அனுப்புவோம், ஆபரேட்டரை மிஷின் கம்பெனி டிரெய்னிங்குக்கு அனுப்புவோம், நாம் மட்டும் போகமாட்டோம்.

புதிதாக ஜாப் ஒர்க் பட்டறை, அதாவது மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குப் பாகம் செய்துதரும் பட்டறை, போட்டவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தையல் யூனிட், பேக்கரி, மாவு மில் நடத்துகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஒரு நோட்டு

எந்தப் பயிற்சிக்கும் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு மாதம் இதைச் செய்யுங்கள். சட்டைப் பையில் சின்ன நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். "ஆடிட்டரைக் கேட்டுச் சொல்றேன்", "அது பையனுக்குத்தான் தெரியும்", "எல்லாரும் என்ன ரேட் வாங்கறாங்களோ அதைப் போட்டுருங்க" என்று உங்கள் வாயில் வரும்போதெல்லாம் அதை ஒரு வரி எழுதுங்கள். தேதி, என்ன விஷயம், அவ்வளவு போதும்.

மாதக் கடைசியில் எடுத்துப் பாருங்கள். ஐம்பது வரி இருக்கலாம், ஆனால் விஷயம் ஐந்தோ ஆறோதான், அதுவே திரும்பத் திரும்ப வந்திருக்கும். என் நோட்டில் முதல் மாதம் 43 வரி இருந்தது. அதில் 19 வரி ரேட் சம்பந்தப்பட்டது. நான் அதுவரை கம்ப்யூட்டர் டிராயிங் கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஆசைதான். எனக்குத் தேவைப்பட்டது ரேட் போடத் தெரிவது.

இந்த இடத்தில் பலரும் அவசரப்பட்டு, விளம்பரத்தில் வருகிற வகுப்பில் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். நோட்டு சொல்லும்வரை பொறுத்திருங்கள்.

மணிக்கணக்கு: எல்லோரும் முதலில் படிக்க வேண்டிய பாடம்

கோவைக்காரர்களுக்கு ஜி.டி. நாயுடு கதை தெரியும். மோட்டார் சைக்கிள் வாங்குவதற்காகவே ஹோட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, வாங்கிய வண்டியைப் பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டிக் கற்றுக்கொண்டவர். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தை ஓட்டித் தொழிலைத் தொடங்கினார். பிரித்துப் பார்த்துக் கற்பது இந்த ஊர் ரத்தத்தில் இருக்கிறது, அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அடக்கவிலையை ஸ்பேனர் வைத்துப் பிரிக்க முடியாது. அதற்குப் பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

என் கதையைச் சொல்கிறேன். முதல் வி.எம்.சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டும் மிஷின்) வாங்கிய புதிதில் ஒரு ஆர்டர் வந்தது. 600 பீஸ், பீஸுக்கு 12 நிமிடம். அக்கம்பக்கத்தில் மணிக்கு 450 ரூபாய் என்றார்கள். நானும் 450 என்று வைத்து, பீஸுக்கு 90 ரூபாய் கொட்டேஷன் கொடுத்தேன். 54,000 ரூபாய் பில். பணமும் ஒழுங்காக வந்தது, சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதே ரேட்டில் இரண்டு வருடம் ஓட்டினேன். ஒருநாள் கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டில் போயிற்று. சரிசெய்ய ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். இரண்டு வருடம் இடைவிடாமல் ஓடிய மிஷினுக்கு ரிப்பேர் செய்ய என்னிடம் பணம் இல்லை. வட்டிக்கு வாங்கினேன்.

அப்புறம்தான் ஒரு பயிற்சியில் மணிக்கணக்கு, அதாவது மிஷின் ஒரு மணி நேரம் ஓட என்ன செலவாகிறது என்ற கணக்கு, போடக் கற்றேன். அதை அப்படியே இங்கே தருகிறேன். எண்கள் என் பட்டறையுடையவை, உங்களுக்கு வேறாக இருக்கும். முறை மட்டும் ஒன்றுதான்.

மிஷின் விலை 24 லட்சம், 8 வருடத்தில் தேயும் என்று வைத்தால் மாதம் 25,000. கடன் வட்டி சராசரியாக மாதம் 10,000. மின்சாரம் 9,000. ஆபரேட்டர் சம்பளம் 22,000. வாடகையில் இந்த மிஷினின் பங்கு 8,000. இன்சர்ட், கட்டர், டிரில் என்று வெட்டும் டூல் எல்லாம் சேர்த்து 14,000. பராமரிப்பு 5,000. வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் கூலன்ட், ஆயில் 2,000. ஆபீஸ் செலவிலும் என் சம்பளத்திலும் இந்த மிஷினின் பங்கு 10,000. மொத்தம் மாதம் 1,05,000 ரூபாய்.

இதை எத்தனை மணி நேரத்தால் வகுப்பது என்பதில்தான் எல்லோரும் தப்புப் பண்ணுகிறோம். ஒரு ஷிப்ட் 8 மணி, மாதம் 25 நாள், ஆக 200 மணி என்று போட்டால் மணிக்கு 525 ரூபாய் வரும். ஆனால் மிஷின் உண்மையிலேயே பீஸ் வெட்டும் நேரம் அவ்வளவா? அடுத்த வேலைக்கு மிஷினைத் தயார் செய்து செட்டிங் போட, முதல் பீஸை அளந்து ஓகே வாங்க, மெட்டீரியலுக்குக் காத்திருக்க, கரண்ட் போக என்று எல்லாவற்றையும் கழித்தேன். ஒரு மாதம் தினமும் எழுதி வைத்துப் பார்த்ததில் எனக்கு 140 மணிதான் மிஞ்சியது. அப்படியானால் மணிக்கு 750 ரூபாய். லாபம் இன்னும் சேர்க்கவில்லை.

இந்த எண்ணை வைத்துப் பழைய ஆர்டரைப் போட்டுப் பார்த்தேன். பீஸுக்கு 150 ஆகும் வேலையை 90-க்குச் செய்திருக்கிறேன். 600 பீஸில் 36,000 ரூபாய் என் கையை விட்டுப் போயிருக்கிறது. ஏன் அப்போதே தெரியவில்லை? தேய்மானம் பில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்பதில்லை. மாதா மாதம் 25,000 ரூபாய்க்கு மிஷினைத் தின்று, அதை வருமானம் என்று நினைத்து வீட்டுச் செலவு பண்ணிக்கொண்டிருந்தேன்.

என் சம்பளத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். தன் சம்பளத்தைப் போடாமல் லாபக் கணக்குப் பார்க்கும் முதலாளிகளே அதிகம். நீங்கள் இன்னொரு கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்தால் என்ன கிடைக்குமோ அதையாவது எழுதுங்கள்.

அந்தப் பயிற்சிக்கு மூன்று நாளும் சில ஆயிரம் ரூபாயும் ஆயிற்று. அதே ரேட்டில் இன்னும் ஒரு வருடம் ஓட்டியிருந்தால் எவ்வளவு போயிருக்கும் என்று கணக்குப் போடாமல் விட்டுவிட்டேன், மனசு தாங்காது.

உங்கள் பணத்தைப் பற்றிய சட்டம்

வக்கீல் அளவுக்குப் படிக்கச் சொல்லவில்லை. மூன்று விஷயம் போதும்.

ஒன்று, உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு. 2020 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அரசு இணையதளத்தில் ஆதார், பான் வைத்து நீங்களே செய்யலாம், முழுக்க இலவசம். இதற்கென்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். தொழில் தொடங்கிய உடனே செய்யுங்கள், ஏனென்றால் அடுத்த விஷயம் அதை நம்பித்தான் இருக்கிறது.

இரண்டு, 45 நாள் விதி. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு அல்லது சிறு நிறுவனத்திடம் பொருளோ வேலையோ வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், எப்படியும் 45 நாளைத் தாண்டாமல் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டி. தராதவர்மேல், குறு, சிறு நிறுவனங்களுக்கான மாநில வசதியாக்க மன்றத்தில் மனு போடலாம்.

நேர்மையாகச் சொன்னால், மன்றத்துக்குப் போனால் அந்தக் கம்பெனியின் அடுத்த ஆர்டர் உங்களுக்கு வராமல் போகலாம். அதனால் பலரும் போவதில்லை. ஆனால் இப்போது கையில் இன்னொரு பிடி இருக்கிறது. 2024 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த வருமான வரித் திருத்தப்படி, இந்தக் கெடுவுக்குள் குறு, சிறு நிறுவனத்துக்குப் பணம் தராதவர் அந்தத் தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. பணத்தை உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம். ஆகவே பில்லில் உங்கள் உத்யம் எண்ணை அச்சடியுங்கள். நிதியாண்டு முடிவதற்கு முன்னால், பிப்ரவரி கடைசியிலேயே, பாக்கி இருக்கும் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு மரியாதையாக ஒரு மெயில் போடுங்கள். சண்டை போடாமலே நகரும் காசு நிறைய இருக்கிறது.

மூன்று, ஜி.எஸ்.டி. ரிட்டர்னை ஆடிட்டர் போடட்டும். ஆனால் 2பி என்ற படிவத்தை நீங்களே திறந்து படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி அது தானாக வந்துவிடும். நீங்கள் வரி கட்டி வாங்கிய மெட்டீரியலுக்கு, விற்றவர் கணக்குக் காட்டியிருக்கிறாரா என்பது அதில் தெரியும். அவர் காட்டாவிட்டால் அந்த வரிக்கான வரவு உங்களுக்குக் கிடைக்காது. அரை மணி நேர வேலை.

எங்கே போய்ப் படிப்பது

எல்லாவற்றையும் பட்டியல் போட மாட்டேன். பயன்படும் என்று நான் நினைப்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

சென்னை கிண்டியில் தமிழ்நாடு அரசின் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் இருக்கிறது. கணக்கு, ஏற்றுமதி, டிஜிட்டல் விற்பனை என்று சில நாள் பயிற்சிகள் நடத்துகிறார்கள். தமிழிலேயே கேட்கலாம், தமிழிலேயே கேள்வி கேட்கலாம். முதல் பயிற்சிக்கு இது நல்ல இடம். மாவட்டத் தொழில் மையத்தில் போய் விசாரித்தால் உங்கள் ஊர்ப் பக்கம் எப்போது, என்ன நடக்கிறது என்று சொல்வார்கள்.

தொழிலைப் பொறுத்துப் போக வேண்டிய இடங்களும் உண்டு. நூற்பு, நெசவுக்காரர்களுக்குக் கோவையிலேயே 1956 முதல் இருக்கும் சிட்ரா. உணவுத் தொழில் என்றால் தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், மைசூரில் உள்ள மத்திய உணவு ஆராய்ச்சி நிறுவனம், கோவை வேளாண் பல்கலைக்கழகம். பட்டறையை ஒழுங்குபடுத்துவது, விரயத்தைக் குறைப்பது போன்ற ஜப்பானிய முறைகளுக்குச் சென்னையில் ஏ.பி.கே. ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் என்ற அமைப்பு.

வீட்டில் இருந்தபடி படிக்க என்.பி.டி.இ.எல். ஐ.ஐ.டி.களும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி.யும் சேர்ந்து நடத்துவது. வகுப்பு இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் பரீட்சைக் கட்டணம். ஆனால் தனியாக வீடியோ பார்த்துப் படிப்பது லேசில்லை. இரண்டு பேராகச் சேர்ந்து பாருங்கள்.

கோவை கொடிசியா வளாகத்தில் இன்டெக் என்ற இயந்திரக் கண்காட்சி நடக்கும்போது பையைத் தூக்கிக்கொண்டு கேட்லாக் பொறுக்குவதோடு நிறுத்தாதீர்கள். உங்கள் பீஸ் ஒன்றைக் கையில் எடுத்துப் போங்கள். டூல் கம்பெனி ஸ்டாலில் காட்டி, "இதை எத்தனை நிமிஷத்துல வெட்டலாம்?" என்று கேளுங்கள். அந்தப் பத்து நிமிடம் ஒரு வகுப்புக்குச் சமம்.

போகக் கூடாத இடத்தையும் சொல்லிவிடுகிறேன். நட்சத்திர ஹோட்டலில், பாட்டுப் போட்டு, கைதட்டச் சொல்லி, "90 நாளில் உங்கள் தொழில் பத்து மடங்கு" என்று ஆரம்பிக்கும் கூட்டங்கள். ஒரு தடவை போய்ப் பணத்தை இழந்திருக்கிறேன். இரண்டு நாள் உற்சாகமாக இருந்தது, மூன்றாம் நாள் என்ன செய்வதென்றே தெரியவில்லை. இப்போது பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: என் பட்டறையின் எண்களை எடுத்து வந்து அங்கே கணக்குப் போட்டுப் பார்க்க முடியுமா? முடியாது என்றால் நான் வரவில்லை.

நேரம்

"பட்டறையை விட்டு எப்படிங்க வர்றது?" இதுதான் எல்லோரும் சொல்வது. நானும் பல வருடம் சொன்னேன்.

முதல் தடவை மூன்று நாள் பயிற்சிக்குப் போனபோது, முதல் நாள் மட்டும் பட்டறையிலிருந்து 11 போன் வந்தது. வகுப்புக்கு வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் எரிச்சலில் உட்கார்ந்து அந்த 11 போனையும் நோட்டில் எழுதினேன். ஸ்டோர் சாவி எங்கே. அந்த ஃபிளேஞ்ச் டிராயிங்கில் எது புதுசு, எது பழசு. இரண்டு கம்பெனி வண்டி ஒன்றாக வந்து நிற்கிறது, யாருக்கு முதலில் லோடு ஏற்றுவது. எட்டு மில்லி கட்டர் தீர்ந்துவிட்டது, எந்தக் கடையில் வாங்குவது, கடன் சொல்லலாமா.

பார்த்தால், இதில் ஒன்றுகூட முதலாளி இருந்தால்தான் முடியும் என்கிற விஷயம் இல்லை. எல்லாம் என் தலைக்குள் மட்டும் இருந்தது, எங்கேயும் எழுதி வைக்கவில்லை. திரும்பி வந்து சாவிக்கு ஒரு ஆணி அடித்தேன். பழைய டிராயிங் எல்லாவற்றிலும் சிவப்பு முத்திரை குத்தினேன். யாருக்கு முதலில் என்ற பட்டியலைப் போர்டில் எழுதினேன். ஐயாயிரம் ரூபாய் வரைக்கும் டூல் வாங்க ஃபோர்மேன் அண்ணனுக்கு அதிகாரம் கொடுத்தேன். அடுத்த தடவை போனபோது மூன்று நாளுக்கும் சேர்த்து நாலே போன்.

ஆகவே முதல் தடவை தொந்தரவாகத்தான் இருக்கும். அதைச் சாக்காக வைத்துத் திரும்பி வந்துவிடாதீர்கள், வருகிற போனை எல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். தினப்படிக்கு, காலை ஷிப்ட் தொடங்குவதற்கு முன்னால் அரை மணி நேரம் போதும். ராத்திரி படிக்கலாம் என்று வைத்தால் நடக்காது, உடம்பு கேட்காது.

பணம்

மாதம் 2,000 ரூபாயோ 3,000 ரூபாயோ தனியாக ஒதுக்குங்கள், கூலன்ட் செலவைப் போல. மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்றால் மிச்சமே இருக்காது. தொழிலுக்கான பயிற்சி என்றால் பில்லைக் கம்பெனி பெயரில், ஜி.எஸ்.டி. எண் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தொழில் செலவாகக் காட்டுவது பற்றி ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

படித்ததைப் பட்டறைக்குள் இறக்குவது

திரும்பி வந்த ஏழு நாளுக்குள் ஒரு விஷயத்தையாவது மாற்ற வேண்டும் என்று எனக்கு ஒரு விதி வைத்திருக்கிறேன். ஒன்றே ஒன்று போதும். பத்தை மாற்றப் போனால் பசங்க, "முதலாளி எங்கேயோ போயிட்டு வந்திருக்காரு, ஒரு வாரத்துல சரியாயிடும்" என்று காத்திருப்பார்கள்.

நான் எடுத்தது செட்டிங் நேரம். அந்தப் பயிற்சியில் ஒரு பழைய கதை சொன்னார்கள். 1969-இல் ஜப்பானில் டொயோட்டா கம்பெனியில் 1,000 டன் பிரஸ்ஸில் டை (அச்சு) மாற்ற நான்கு மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தது. ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியாளர் அதை முதலில் ஒன்றரை மணி நேரத்துக்கும், பிறகு மூன்று நிமிடத்துக்கும் கொண்டுவந்தார். சூட்சுமம் இதுதான்: மிஷின் நின்றால்தான் செய்யமுடிகிற வேலை எது, மிஷின் ஓடும்போதே செய்துவைக்கக்கூடிய வேலை எது என்று பிரிப்பது.

போனில் ஸ்டாப் வாட்ச் போட்டு எங்கள் வி.எம்.சி பக்கத்தில் நின்றேன். ஒரு ஜாப் இறங்கி அடுத்த ஜாப் ஏற 95 நிமிடம். அதில் ஆபரேட்டர் ஆலன் கீயைத் தேடியது 7 நிமிடம். பீஸை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் ஜாவை எடுக்க ஸ்டோருக்கு இரண்டு தடவை நடந்தான். டூல் நீளம் அளந்ததெல்லாம் மிஷின் நின்ற பிறகு. இப்போது அடுத்த ஜாபுக்கான டூல், ஜா, கேஜ், டிராயிங் எல்லாவற்றையும் ஒரு தள்ளுவண்டியில் முன்கூட்டியே வைத்துவிடுகிறோம். மூன்று மாதத்தில் 50 நிமிடத்துக்கு வந்தது. புது மிஷின் எதுவும் வாங்கவில்லை. மேலே சொன்ன 140 மணி 155 ஆனது, மணிக்கணக்கும் அதற்கேற்பக் குறைந்தது.

கூட நாலு பேர்

தனியாகப் படித்தால் ஒரு கட்டத்தில் நின்றுவிடும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேர் ஒரு பேக்கரியில் சந்திக்கிறோம். ஒருவர் ஃபவுண்டரி, ஒருவர் பேக்கிங் பெட்டி, ஒருவர் வெட் கிரைண்டர் பாகம், அப்புறம் நான். போட்டியாளர்கள் ஒருவரும் இல்லை, அதனால்தான் மறைக்காமல் பேச முடிகிறது. ஒவ்வொருவரும் தன் ஒரு எண்ணைக் கொண்டுவர வேண்டும்: இந்த மாத ரிஜெக்ஷன், வராத பாக்கி, செட்டிங் நேரம், ஏதோ ஒன்று. டீ ஆறுவதற்குள் யாராவது ஒருவர், "ஏனுங்க, இது போன மாசமும் இப்படித்தானே இருந்துச்சு?" என்று கேட்டுவிடுவார். அந்தக் கேள்விக்குப் பயந்தே பாதி வேலை நடக்கிறது.

போன மாதம் ஒரு கொட்டேஷன் போட்டுக்கொண்டிருந்தேன். என் மேசை மேல் இருந்த மணிக்கணக்குத் தாளை ஃபோர்மேன் அண்ணன் எட்டிப் பார்த்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், நான் ஹெல்ப்பராக இருந்தபோது எனக்கு மைக்ரோமீட்டர் பிடிக்கச் சொல்லித் தந்தவர். "தம்பி, அந்தக் கணக்கு எப்படிப் போடறதுன்னு எனக்கும் ஒருக்கா சொல்லிக் குடுங்க" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். மிஷின் விலையிலிருந்து ஆரம்பித்தோம்.